மறதி டப்பா

வீட்டில் ஒரு பொருள் தொலைந்தால் நாளைக்குத் தேடலாம்.
வண்டியில் அப்படி இல்லை,
பாலாற்றுப் பாலத்தின் நடுவில்தான்
ஒருவருக்கு வாந்தி வரும்.

இடது கதவில் கவர், எப்போதும் இருபது.
சத்தம் போடாத ரகம். சரசரத்தால்
கூச்சப்பட்டு அடக்கிக்கொள்கிறார்கள்.
எக்ஸ்ரே உறையை மடிக்கக் கூடாது,
மடியில் வைத்தால் வியர்வையில் ஒட்டும்.
முன்சீட்டு முதுகில் அதற்கென்றே
அகலமாய் ஒரு துணிப் பை தைத்தேன்.
தண்ணீர் பாட்டில் தரையில் உருளவே கூடாது.
பிரேக்குக்கு அடியில் போனால்
நாமும் நோயாளியாகத்தான் ஆஸ்பத்திரி சேருவோம்.

தலைக்கு மேல் வெயில் மறைப்பில் ஓர் அட்டை,
தமிழ் எழுத்தில் பதினொரு வங்காளிச் சொற்கள்:
வலி, தண்ணீர், நிறுத்து, மெதுவாக,
பயப்படாதே...
காட்பாடி ஸ்டேஷனில் ஏறுகிறவர்களுக்கு
இவ்வளவு போதும் என்று நினைத்திருந்தேன்.

பூங்காவனத்துக்கு ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
ஸ்டோர் கணக்கு.
நூல்கண்டு நிறவாரியாக, ஊசி நம்பர்வாரியாக.
ஐந்தரைக்கு அவள் எழுந்தால் மேஜைமேல்
ஸ்டேப்ளர் மட்டும் இருக்கும்.
அதுவும் சுவரைப் பார்த்து.

எங்கள் இரண்டு பேரின் ஒழுங்கும்
வீட்டு வாசலில் செருப்போடு நின்றுவிடுகிறது.
உள்ளே, கரண்ட் பில் அரிசி டிரம்மில்.
ரேஷன் கார்டு டி.வி.க்கு அடியில்,
டி.வி. ஆடாமல் இருக்க.
"ஊரான் எக்ஸ்ரேவுக்குப் பை தைக்கத் தெரியுது,
உன் லுங்கிக்கு ஒரு கொக்கி அடிக்கத் தெரியல."
ஆணி இருக்கிறது.
சுத்தியல் டிக்கியில்.

டிக்கியின் மூலையில் ஒரு பிஸ்கட் டப்பா:
பின்சீட்டில் மறந்துபோனவை.
தொண்ணூறு நாள் வைப்பேன், பிறகு வீசுவேன்.
ஒற்றைக் கம்மல், லாட்ஜ் சாவி, பேனா மூடி.
ஒரு முறை பல்செட்.
மறுநாளே வந்து வாங்கிப் போனார்,
சிரிக்காமல்.

கத்திரி வெயிலில் ஒரு கம்பளிக் குல்லா கிடைத்தது.
நீலம். மால்டாவிலிருந்து வந்த பெண், பத்து வயசிருக்கும்.
மூன்று மாதம் என் வண்டியில்தான்
சத்துவாச்சாரிக்கும் ஆஸ்பத்திரிக்கும்.
ஒரு நாளும் கழற்றியதில்லை.
ஏ.சி.யை அவள் பக்கம் முழுசாகத் திருப்பினேன்.
அப்பா நிகில் மண்டல்
அதற்குத் தனியாக எவ்வளவு என்று கேட்டார்.
'ஒன்றும் வேண்டாம்' என்பதற்கு
என் அட்டையில் சொல் இல்லை.

ஊர் திரும்பிய நாளில் விட்டுப் போனாள்.
தொண்ணூறு போனது, நூற்றைம்பது போனது.
டப்பாவைத் திறப்பேன்,
பேனா மூடியை மட்டும் வீசுவேன்.

போகிக்கு முந்தின நாள் பூங்காவனம்
டிக்கியிலேயே கை வைத்துவிட்டாள்.
"யாருது இது? எரிக்கவா?"
எண் இருந்தது, 'மால்டா குல்லா' என்ற பெயரில்.
அழுத்தவில்லை இத்தனை மாதமும்.
எடுக்காமல் போனால்? எடுத்து அழுதால்?
அவளே வாங்கி அழுத்தினாள்,
அவளுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது.
ஸ்பீக்கரில் சேவல் கூவியது,
பாத்திரம் விழுந்தது, யாரோ யாரையோ திட்டினார்கள்.
பிறகு ஒரு கீச்சுக் குரல், இந்தியில்.

"வீசிடுங்க அங்கிள்.
இப்ப கிளிப் நிக்குது."

என்ன சொன்னாள் என்று கேட்டாள் பூங்காவனம்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் குல்லாவை உள்ளங்கையில் வைத்துத்
தையல் தரம் பார்த்தாள், ஸ்டோர்க்காரி.
எரிக்கவில்லை.
ஓரத்தில் நாடா கோத்து
மாடிக் கொடியில் தொங்கவிட்டிருக்கிறாள்.
துணி கிளிப் முப்பத்திரண்டு கொள்கிறது.
வெயிலில் நீலம் லேசாக வெளுக்கிறது.

அட்டையில் பன்னிரண்டாவது சொல் எழுதிவிட்டேன்.
லுங்கி இன்னும் கதவின்மேல்தான்.